பதினேழு வயது வழக்கும் காக்கிச் சட்டையும்

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வைக்கும் சோதனைகள் பல. தமிழ்த் தகுதித் தேர்வில் 80க்கு 32 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். முதன்மை எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு நடக்கும். ஆண்களில் பெரும்பாலான பிரிவினருக்கு உயரம் 170 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் விடியும் முன்பே ‘கிரவுண்டு’க்குப் போகும் பையன்களில் பலர் பகலில் ஒர்க்‌ஷாப்பிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள். இவை எல்லாவற்றிலும் தேறிய பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது: காவல் சரிபார்ப்பு. தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தவரின் ஊர்க் காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள். “ஸ்டேஷன்ல பேரு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்பதுதான் அங்கே கேள்வி.

அந்தப் பெயர் பதினாறு, பதினேழு வயதில் பதிவானதாக இருந்தால்? ஊர் நோம்பியில் நடந்த அடிதடி, நண்பன் ஓட்டி வந்த திருட்டு பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்த ஒரு மாலை, காதல் விவகாரத்தில் பெண் வீட்டார் கொடுத்த புகார் என ஏதோ ஒன்று. இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்து முடித்து, பையனும் திருந்தி, வருடங்கள் கழிந்து காவலர் தேர்வு எழுதி வென்ற பிறகு அந்த வழக்கு வழியை மறிக்கலாமா? மறிக்கக் கூடாது என்று நாடாளுமன்றச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் நடைமுறையில் மறிக்கிறது. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அடைப்பது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் தரும் வாக்கு

இளம் வயதில் தவறியவரைத் தனியாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதிதல்ல. 1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதில் இந்திய மாகாணங்களுக்குள் முந்திக்கொண்டது சென்னை மாகாணம். அந்தச் சட்டம் 1920இல் வந்தது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதைப் பின்தொடர்ந்தன. 1986இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தபோது ஆண் பிள்ளைகளுக்கு 16 வயது வரையும் பெண் பிள்ளைகளுக்கு 18 வயது வரையும் பாதுகாப்பு இருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் வரம்பை 18 ஆக்கியது. இப்போது நடப்பில் இருப்பது இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015.

நம் கேள்விக்கான பதில் இச்சட்டத்தின் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, பிரிவு 3இல் வரும் ‘புதிய தொடக்கம்’ என்ற கோட்பாடு. சிறார் நீதி அமைப்புக்குள் வந்த குழந்தையின் பழைய பதிவுகள், தனிச் சூழ்நிலைகள் தவிர, அழிக்கப்பட வேண்டும் என்கிறது அது. இரண்டாவது, பிரிவு 24. வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், குற்றம் செய்து இச்சட்டத்தின்படி நடத்தப்பட்ட குழந்தைக்கு, தண்டனையோடு ஒட்டி வரும் எந்தத் தகுதியிழப்பும் வராது என்பது அதன் சாரம். மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் பதிவுகளை அழிக்கும்படி குழுமம் காவல்துறைக்கு உத்தரவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக் காலம் வரை அல்லது ஏழாண்டு வரைதான் பதிவுகளைப் பாதுகாப்பில் வைக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் வரம்பு கட்டுகின்றன.

மூன்றாவது இடம் பிரிவு 74. முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது அதன் இரண்டாவது உட்பிரிவு. சிறாரின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடுக்கும் முதல் உட்பிரிவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

தனியார் நிறுவனம் ஒருவரைப் பற்றிக் கேட்டால் காவல் நிலையம் வாய் திறக்கக் கூடாது என்பது எளிதாகப் புரிகிறது. காவலர் தேர்விலோ கேட்பதும் காவல்துறை, பதில் சொல்வதும் காவல்துறை. ஒரே துறையின் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் தகவலை ‘வெளியிடுவது’ என்று யாரும் நினைப்பதில்லை. சட்டம் அப்படி ஒரு விலக்கைக் காவல்துறைக்குத் தரவில்லை. ஆனால் பழக்கம் தந்துவிட்டது.

மாநில விதியின் கெடுபிடி

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்றொரு விதி இருக்கிறது. காவல் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. தண்டனை பெற்றவர் என்றில்லை, சம்பந்தப்பட்டவர் என்றாலே போதும். 2003இல் சேர்க்கப்பட்ட விளக்கக் குறிப்புகள் இதை மேலும் இறுக்கின. சந்தேகத்தின் பலனாலோ சாட்சிகள் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பின்னர் முழுமையான விடுதலையில் முடிந்தாலும், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் அவர் வேலை கேட்க முடியும்.

இந்த விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008 பிப்ரவரியில் பரிசீலித்தது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைத் தகுதியற்றவராகக் கருதுவதில் சட்டவிரோதம் இல்லை என்றது. விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால், அந்த வழக்கு எப்படி முடிந்திருந்தாலும், அந்த மறைப்புக்காகவே நிராகரிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், தமிழகத்தில் தீயணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதாக அவர்மேல் இருந்த சிறு வழக்கை அவர் விண்ணப்பத்தில் சொல்லவில்லை. சீருடைப் பணிக்கு வருபவரிடம் எதிர்பார்க்கும் ஒழுக்கம் மற்ற பணிகளைவிடக் கூடுதலானது என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு.

இந்தத் தீர்ப்புகள் சிறார் வழக்குகளைப் பற்றியவை அல்ல. ஆனால் முழு அமர்வு பரிசீலித்த விதியின் வாசகத்தில் 18 வயதுக்கு முந்தைய வழக்குக்கெனத் தனி வரி எதுவும் இல்லை. பெரியவரின் வழக்குக்காகக் கட்டிய வேலிக்குள் சிறுவனின் வழக்கும் அகப்பட்டுக்கொள்கிறது. சரிபார்க்கும் அதிகாரி கையில் இருப்பது விதிப் புத்தகமும் படிவமும். ‘வழக்கில் சம்பந்தப்பட்டவரா?’ என்ற கட்டத்தில் ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். ‘ஆம், ஆனால் அப்போது இவருக்கு வயது 16’ என்று எழுத அங்கே இடமில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலப் பணி விதிக்கு மேலானது; பிரிவு 24 ‘வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும்’ என்றுதான் தொடங்குகிறது. ஆயினும், அதைப் படித்துப் பொருத்திப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சலைக் கீழ்நிலை அதிகாரியிடம் எதிர்பார்ப்பது யதார்த்தம் அல்ல. தவறாகத் தேர்ந்தெடுத்தால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள். தவறாக நிராகரித்தால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

நீதிமன்றங்கள் நடந்து வந்த பாதை

இளமைத் தவறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் இரு குரல்களில் பேசி வந்திருக்கிறது. 2011 மார்ச்சில் நீதிபதி மார்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு மென்மையான குரல். டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் (அமைச்சுப் பணி) வேலைக்குத் தேர்வான ஒருவர், இருபது வயதையொட்டி நடந்த அடிதடி வழக்கைச் சொல்லாமல் விட்டிருந்தார். விக்டர் ஹியூகோவின் நாவலில் ரொட்டி திருடியதற்காக வாழ்நாள் முழுதும் முத்திரை குத்தப்பட்ட ழான் வால்ழானை நினைவூட்டி, இளமையின் அறியாமையை மன்னிக்கலாம் என்றது அத்தீர்ப்பு. 2013இல் இன்னோர் அமர்வு கடுமையான குரலில் பேசியது. சமரசத்தால் விடுதலை ஆனவரைக் காவல்துறை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பொதுமக்களின் நம்பிக்கையில் இயங்கும் படைக்கு மாசற்றவர்கள் தேவை என்றது. 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வகுத்தது. மறைத்த தகவலின் தன்மை, குற்றத்தின் கனம், பதவியின் தன்மை ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். அற்பமான வழக்கை மறைத்திருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு என்றது.

இந்த மூன்று தீர்ப்புகளும் பெரியவர்களின் வழக்குகளுக்கான அளவுகோல்கள். சிறார் வழக்கை நேரடியாகத் தொட்டது 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் உதவி ஆய்வாளராகத் தேர்வான ஒருவர், தம்மீது முன்பு இருந்த வழக்கைத் தாமே சொல்லியிருந்தார். 2009இல் குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு 18 வயது நிரம்பவில்லை. பெண்ணொருவர் தொடர்பான குற்றச்சாட்டு அது. 2011இல் விடுதலை ஆகியிருந்தார். படை அவரை ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் விடுதலையோடு நிற்கவில்லை. குற்றச்சாட்டு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், சிறாராக இருந்தபோது நடந்ததற்காக அவருக்கு வேலையை மறுக்க முடியாது. சிறார் மேல் படிந்த கறை துடைக்கப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம் என்றது. பிரிவு 24இன் தர்க்கத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தண்டனை பெற்றாலும்கூடத் தகுதியிழப்பு இல்லை என்றால், வெறுமனே சம்பந்தப்பட்டதற்காகத் தகுதியிழப்பு எப்படி வரும்?

அப்படியானால் படிவத்தில் என்ன எழுதுவது? ‘ஆம்’ என்று எழுதினால் வேலை போகலாம். ‘இல்லை’ என்று எழுதினால் மறைத்த குற்றம் சேரலாம். டெல்லி, அலகாபாத் உயர் நீதிமன்றங்கள் இதற்கு வேறு கோணத்தில் விடை தேடின. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், சிறார் வழக்கைச் சொல்லாததை மறைப்பாகக் கொள்ள முடியாது என்றது. உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையில் சேர விரும்பிய ஒருவரின் வழக்கில் அலகாபாத் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குழந்தைப் பருவ வழக்கைச் சொல்லும்படி கேட்பதே அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கும் நற்பெயருக்கும் எதிரானது என்றது. கேள்வியே தவறானால், அதற்கு ‘இல்லை’ என்று பதில் எழுதியவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

இவ்வழக்குகளில் வந்தவர்களின் பெயர்களை இக்கட்டுரை தவிர்க்கிறது. ஆனால் சட்ட இதழ்களிலும் இணையத் தொகுப்புகளிலும் அந்தப் பெயர்கள் தலைப்பாகவே நிற்கின்றன. சிறார் பருவக் கறையைத் துடைக்கச் சொன்ன தீர்ப்பே அந்தப் பெயரை என்றைக்குமாகத் தேடத்தக்கதாக ஆக்கிவிடுகிறது. நீதித்துறை இதைத் தன் பக்கத்திலிருந்து சரிசெய்ய வேண்டும்.

அழியாத காகிதம்

பதிவு ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல்களில் பாதி தோன்றியே இருக்காது. சரிபார்க்க வருபவருக்கு ஒன்றும் கிடைக்காது. கதை அங்கேயே முடியும். ஏன் அப்படி நடப்பதில்லை?

முதல் காரணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. கொடுங்குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாலோ ஒழிய, சிறார்மேல் முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்கின்றன 2016 மாதிரி விதிகள். மற்றவற்றைப் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். நாட்குறிப்பில் எழுதி முடிக்க வேண்டியது அறிக்கையாகப் பதிவாகிவிட்டால், அதன் எண் நிலையத்தின் எல்லாப் பதிவேடுகளிலும் ஏறிவிடுகிறது.

இரண்டாவது, கூட்டு வழக்கு. கோவில் திருவிழாத் தகராறில் ஐந்து பெரியவர்கள், ஒரு பதினேழு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். பையனின் விசாரணை பிரிக்கப்பட்டுக் குழுமத்துக்குப் போகும்; பிரிவு 23 கூட்டு விசாரணையைத் தடுக்கிறது. குழுமம் அவனுக்கு அறிவுரை சொல்லி வழக்கை முடிக்கலாம், பதிவை அழிக்கவும் உத்தரவிடலாம். ஆனால் பெரியவர்களின் வழக்கு குற்றவியல் நடுவர் மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். அந்த முதல் தகவல் அறிக்கையில் ஆறாவது எதிரியாக அவன் பெயர் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, கணினி. குழுமம் அழிக்கச் சொல்வது பெரும்பாலும் கோப்பை. காவல் நிலையங்களை நாடு முழுதும் இணைக்கும் குற்றத் தடமறி வலைப்பின்னலில் ஏறிய பதிவு, காகிதத்தைக் கிழித்ததால் போய்விடாது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. கூட்டு வழக்குகளில் சிறாரின் பெயரை யாரும் மறைக்காமல் விட்டால், அது இணையத்திலும் ஏறிவிடும்.

நான்காவது, ஊர் நினைவு. தனிப்பிரிவுக் காவலர் பதிவேட்டைப் புரட்டுவதோடு நிற்பதில்லை, அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். “அந்தப் பையன் மேல முன்ன ஒரு கேஸு இருந்துச்சுங்க” என்ற ஒரு வரி போதும். எந்தக் குழுமத்தின் உத்தரவும் அந்த வரியை அழிக்க முடியாது. அதை அறிக்கையில் எழுதாமல் விடும் கடமை எழுதுபவருக்கு இருக்கிறது.

பதினாறு முதல் பதினெட்டு வரை

பிரிவு 24 தரும் பாதுகாப்புக்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அச்சப்படுபவர்களே அதிகம். 16 வயது நிறைந்தவர் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவரது மனமுதிர்ச்சியைக் குழுமம் முதலில் மதிப்பிடும். தேவை என்று கருதினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அந்த நீதிமன்றம் அவரைப் பெரியவராகவே விசாரித்துக் குற்றவாளி என்று கண்டால் மட்டும் பாதுகாப்பு விலகும், பதிவும் நிற்கும். குழுமமே விசாரித்து முடித்த வழக்கில், குற்றம் எதுவாயினும், பாதுகாப்பு தொடரும். 16 வயதுக்குக் கீழே இந்த விலக்குக்கே இடமில்லை.

கொடுங்குற்றம் என்பது ஏழாண்டு அல்லது அதற்கு மேல் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றம். அதிகபட்சம் ஏழாண்டுக்கு மேல் இருந்தாலும் குறைந்தபட்சம் அப்படி வகுக்கப்படாதவை கொடுங்குற்றம் ஆகா என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. ஆகவே ஆயுதமில்லாத செல்போன் பறிப்பு வழக்கில் சிக்கிய பதினேழு வயதுப் பையன் இந்த விலக்குக்குள் வரமாட்டான்.

காதல் வழக்குகள்தான் இதில் சிக்கலானவை. பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போனால், சாதி குறுக்கே நிற்கும் ஊர்களில் புகார் போக்சோ சட்டத்தின்கீழ் வந்து நிற்கிறது. அதில் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டும் இருபதாண்டும் இருப்பதால், அது கொடுங்குற்றமாகிவிடுகிறது. கொங்கு மண்டலத்துக் குடும்பங்களுக்கு இது கேள்விப்படாத கதை அல்ல. வளரிளம் பருவத்து உறவுகளை இச்சட்டம் நடத்தும் முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் கூறினார். 2021 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படியொரு வழக்கையே ரத்து செய்தார். மனமுதிர்ச்சி மதிப்பீட்டில் குழுமம் எடுக்கும் முடிவு, அந்தப் பையனின் தண்டனையை மட்டுமல்ல, பின்னாளில் அவன் சீருடை அணிய முடியுமா என்பதையும் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டத்தில் நல்ல வழக்கறிஞர் இல்லாமல் நிற்பது பெரிய இழப்பு.

எதிர்வாதத்தின் எடை

காவலர் வேலை மற்ற வேலைகளைப் போன்றதல்ல என்ற வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. கைது செய்யும் அதிகாரமும் துப்பாக்கியும் சாட்சி சொல்லும் பொறுப்பும் அதில் இருக்கின்றன. காவலரின் கடந்த காலத்தை எடுத்து வைத்துத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவர் சாட்சியத்தை உடைக்கப் பார்ப்பார். வன்முறையில் ஊறியவர் காக்கி அணிந்தால் என்ன ஆகும் என்பதை லாக்கப் மரணங்களைப் பார்த்த தமிழ்ச் சமூகத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வாதத்துக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. உண்மையிலேயே அஞ்சத்தக்க வழக்குகளைப் பிரித்தெடுக்கத்தான் கொடுங்குற்ற விலக்கு இருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு நடந்த எதையும் இந்தப் பாதுகாப்பு மறைக்காது. பெரியவரான பின்னும் தவறியவரை நிராகரிக்கத் தடையில்லை. எழுத்துத் தேர்வும் உடற்தகுதியும் பயிற்சிக் காலமும் தனித்தனிச் சல்லடைகளாக இருக்கின்றன. இவை அனைத்துக்கும் பிறகும், பதினாறு வயதில் அறிவுரையோடு முடிந்த ஒரு வழக்கைக் காட்டி நிராகரிப்பது, படையின் தரத்தைக் காப்பதை விட, படிவத்தை நிரப்புவதை எளிதாக்குகிறது என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. காவல்துறையே சிறார் மன்றங்களை நடத்துகிறது; வசதி குறைந்த குடியிருப்புப் பிள்ளைகளை விளையாட்டுக்கும் படிப்புக்கும் இழுத்து, குற்றத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் நோக்கம். காவலரைப் பார்த்து ஓடாமல், காவலராக ஆசைப்படும் பிள்ளை அந்த முயற்சியின் வெற்றி. அதே பிள்ளையைப் பழைய நாட்குறிப்பு வரி ஒன்றைக் காட்டித் திருப்பி அனுப்பினால், துறை தன் உழைப்பைத் தானே வீணாக்குகிறது. கூர்நோக்கு இல்லத்தின் உள்ளே இருந்து பார்த்தவருக்கு, கைதான சிறுவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது எந்தப் பயிற்சி வகுப்பையும்விட நன்றாகத் தெரியும். சிறார் காவல் அலகுகளுக்கு அப்படிப்பட்டவர் ஒருவர் கிடைத்தால் அது லாபம்.

உலகம் இதில் ஒரே வழியில் போகவில்லை. சிறார் பதிவுகள் முழு இரகசியமாக இருக்க வேண்டும், பிற்காலத்தில் அவர் பெரியவராக எதிர்கொள்ளும் வழக்குகளில் பயன்படக் கூடாது என்று 1985ஆம் ஆண்டு ஐ.நா. பெய்ஜிங் விதிகள் கூறின. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. பிரிட்டனில் 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, இளம் வயதில் பெற்ற எச்சரிக்கைகள் தானாகவே வெளியாவது 2020 நவம்பரில் நின்றது. ஆனால் காவல் பணிக்கு விண்ணப்பிப்பவர் அங்கே இன்னும் பழையவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோடுகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இந்தியச் சட்டம் பிரிட்டனைவிடத் தாராளமானது. நடைமுறையில் கொஞ்சம் பின்தங்கி நிற்கிறது.

இளைஞர் செய்ய வேண்டியவை

சட்டம் தம் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்தால், கொங்கு நாட்டில் கிரவுண்டுக்குப் போகும் பையனும் அவன் குடும்பமும் முன்கூட்டியே சிலவற்றைச் செய்துகொள்ளலாம்.

குழுமத்தின் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும். வழக்கு முடிந்துவிட்டது, எந்தப் பிரிவின்கீழ் முடிந்தது, அப்போது வயது என்ன என்பதற்கு அதுவே சாட்சி. பதிவுகளை அழிக்கும் உத்தரவு அதில் இல்லையென்றால், பிரிவு 24ஐக் குறிப்பிட்டு அதே குழுமத்தில் மனு கொடுக்கலாம். நன்னடத்தை அலுவலர் இதில் உதவ வேண்டியவர்.

வயதைத் தவறாக 19 என்று எழுதிப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால், அதையும் சரிசெய்ய வழி உண்டு. குற்றம் நடந்த நாளில் தாம் சிறார் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். பள்ளியின் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதல் ஆதாரம். எலும்புப் பரிசோதனை கடைசி வழி.

விசாரணை நிலுவையில் இருந்தால் அதை முடிக்கச் செய்வது அவசரம். குழுமம் நான்கு மாதத்தில், அதிகபட்சம் மேலும் இரண்டு மாத நீட்டிப்பில், விசாரணையை முடிக்க வேண்டும். சிறு குற்றங்களில் அதற்குள் முடியாவிட்டால் நடவடிக்கையே கைவிடப்படும். காவலர் வேலைக்கு வயது வரம்பு இருப்பதால், ஒரு தேர்வைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

படிவத்தில் என்ன எழுதுவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். டெல்லி, அலகாபாத் தீர்ப்புகள் தமிழகத்தைக் கட்டுப்படுத்தா. 2008ஆம் ஆண்டு முழு அமர்வின் கடுமை இங்கே இருக்கிறது. சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், 18 வயதுக்கு முன் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் முடிந்த வழக்கு என்று எழுதி, உத்தரவின் நகலை இணைப்பது பாதுகாப்பானது. 2019ஆம் ஆண்டு தீர்ப்பு அப்படிச் சொன்னவருக்கே கை கொடுத்தது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பது தடையாக வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. மற்றவர்களில் வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கும் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். நிராகரிப்பு உத்தரவு வந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டத்தவர் அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போகலாம். ஒரு பனியன் தொழிலாளியின் மகனுக்கு இந்தத் தூரமும் செலவும் பெரிய சுமை. சட்டம் தந்ததை நிலையத்திலேயே கொடுத்துவிட்டால் அந்தச் சுமை தேவைப்படாது.

அரசு செய்ய வேண்டியவை

இந்த இடைவெளியை அடைக்கப் புதுச் சட்டம் வேண்டாம். சில வரிகள் போதும். விதி 14(பி)யிலும், உதவி ஆய்வாளர்களுக்கான இணையான விதியிலும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் சிறார் வழக்குகள் ‘சம்பந்தப்பட்டவர்’ என்ற வகையில் சேரா என்று ஒரு விளக்கக் குறிப்பை உள்துறை சேர்க்கலாம். தேர்வாணையம் தன் படிவத்தில் குற்ற வழக்குக் கேள்விக்குப் பக்கத்தில், ‘18 வயதுக்கு முன் இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்தவற்றைக் குறிப்பிட வேண்டியதில்லை’ என்று அச்சிடலாம். குழுமத்தின் ஒவ்வொரு இறுதி உத்தரவிலும் பதிவை அழிக்கும் தேதி இருக்க வேண்டும்; அதே தேதியில் கணினிப் பதிவும் மறைய வேண்டும். கூட்டு வழக்கின் அறிக்கையில் சிறாரின் பெயருக்குப் பதில் குறியீடு எழுதுவது நிலைய அளவிலேயே செய்யக்கூடிய மாற்றம். சரிபார்ப்புக்குப் போகும் தனிப்பிரிவுக் காவலருக்குப் பிரிவு 74இன் தடையைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு வகுப்பு போதும்.

2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். அதன்பின் இல்லங்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அறிக்கையும் வந்தது. இல்லத்துக்குள் நடப்பதைச் சீராக்குவது முதல் கடமை. அங்கிருந்து வெளியே வந்தவனுக்குத் திறக்க வேண்டிய கதவுகளைத் திறந்து வைப்பது அடுத்த கடமை. ஆறாண்டு கழித்து, ஓடி, ஏறி, எழுதி வென்ற பிறகு, பழைய வரி ஒன்றைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எந்த நிலையத்துக்கும் இல்லை. பிரிவு 24ஐ மதிக்காத நிராகரிப்பு சட்டத்துக்கு எதிரானது. சட்டத்தைக் காக்கும் துறையே முதலில் அதைக் கைவிட வேண்டும்.